ஜப்பானில் குடும்பத்தோடு கரோக்கி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பான் போகிற நம்மூர்க் குடும்பங்கள் டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா, ஃபூஜி மலை என்று பட்டியல் போடும்போது கரோக்கியைக் கடைசியில் ஒரு கேள்விக்குறியோடு எழுதி வைக்கிறார்கள். தமிழ்ப் பாட்டு இருக்குமா, குழந்தையை உள்ளே விடுவார்களா, மாமியாரை அழைத்துப் போகிற மாதிரி இடமா என்று கேள்விகள் ஒரே மாதிரிதான் வருகின்றன. எல்லாவற்றுக்கும் இங்கே மொத்தமாகப் பதில். கடைசியில் கொரியா, தைவான் பற்றியும் கொஞ்சம் உண்டு.

தெரியாத ஆட்கள் முன்னால் மேடை ஏறிப் பாட வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். கரோக்கி என்றதும் நம்மவர்கள் மனதில் வருவது ரிசார்ட் பாரிலோ கல்யாண ரிசப்ஷனிலோ ஒருத்தர் மைக் பிடிக்க, நூறு பேர் வேடிக்கை பார்ப்பது. ஜப்பானில் குடும்பங்கள் போவது கரோக்கி பாக்ஸ் என்கிற இடத்துக்கு. ஒரு கட்டடம் முழுக்க சின்னச் சின்ன அறைகள், உங்கள் குடும்பத்துக்கு ஒரு அறை, கதவைச் சாத்தினால் உள்ளே நீங்கள் மட்டும்தான். சோஃபா, மேசை, பெரிய டிவி, இரண்டு மைக், பாட்டுத் தேட ஒரு டேப்லெட். கதவில் கண்ணாடி இருக்கும், பல இடங்களில் கேமராவும் இருக்கும். ஆனால் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். பக்கத்து அறைச் சத்தம் லேசாகக் கேட்கும், உங்கள் சத்தம் அவர்களுக்கும் கேட்கும், அதை அங்கே யாரும் பொருட்படுத்துவதில்லை.

கூச்ச சுபாவம் உள்ள குடும்பத்துக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு இல்லை என்பது என் கருத்து. வீட்டு ஹாலில் பாடுவதும் இதுவும் ஏறக்குறைய ஒன்றுதான், கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்ட மாட்டார், அவ்வளவே வித்தியாசம்.

குடிக்கிறவர்கள் போகிற இடம் இல்லையா அது?

ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. கோபே நகரத்து பார்களில் வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்த இனோவே தாய்சுகே என்பவர் 1971-ல் காசு போட்டால் பின்னணி இசை ஒலிக்கிற ஒரு பெட்டியைச் செய்து பார்களுக்கு வாடகைக்கு விட்டார். அவருக்கு முன்பே, 1967-ல், டோக்கியோவில் நெகிஷி ஷிகெய்ச்சி என்பவர் இதே போல ஒன்று செய்திருந்தார். யார் முதல் என்ற விவாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. இனோவே காப்புரிமை வாங்கவில்லை. பிற்பாடு பிலிப்பைன்ஸைச் சேர்ந்த ரொபெர்த்தோ தெல் ரொசாரியோ தன் கருவிக்கு வாங்கினார். இனோவேக்குக் கிடைத்தது 2004-ல் இக் நோபல் அமைதிப் பரிசு, அதாவது நோபலைக் கிண்டல் செய்து கொடுக்கிற பரிசு. மற்றவர்கள் பாடுவதைப் பொறுத்துக்கொள்ள மனிதர்களுக்கு ஒரு புது வழி காட்டினாராம்.

குடும்பங்கள் உள்ளே வந்தது அதற்கு அப்புறம். 1985 வாக்கில் ஒகயாமா பக்கம் பழைய சரக்குப் பெட்டகத்தை அறையாக மாற்றி அதற்குள் கரோக்கி வைத்தார்கள், அதிலிருந்துதான் பாக்ஸ் கடைகள் பெருகின. பாருக்குப் போக முடியாத மாணவர்களும் இல்லத்தரசிகளும் குழந்தைகளும் பாட வந்தது இந்த அறைகள் வந்த பிறகுதான். இன்று பகல் நேரத்தில் போனால் பள்ளிச் சீருடையில் வருகிற பிள்ளைகளையும் சேர்ந்து பாட வருகிற தாத்தா பாட்டிகளையும் பார்க்கலாம்.

எந்தக் கடைக்குப் போவது?

பெரிய நகரங்களில் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் கண்ணில் படுகிற தூரத்தில் ஒன்றாவது இருக்கும். பிக் எக்கோ, கரோக்கி கான், மானெகிநெகோ ஆகியவை நாட்டின் பல ஊர்களில் இருக்கும் சங்கிலிக் கடைகள், ஒசாகா, கியோட்டோ பக்கம் ஜான்கரா அதிகம். இவற்றில் எதுவானாலும் தப்பில்லை. தங்கியிருக்கும் ஹோட்டலிலிருந்து நடக்கிற தூரத்தில் எது இருக்கிறதோ அங்கே போங்கள். கரோக்கிக்காக ஊரின் மறுகோடிக்கு ரயில் ஏறுவது வீண், கடைக்குக் கடை அப்படியொன்றும் வித்தியாசம் கிடையாது. கைக்குழந்தை இருந்தால் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருகிற, தரையில் மெத்தை போட்ட குழந்தைகள் அறை அந்தக் கிளையில் இருக்கிறதா என்று பாருங்கள். சில கிளைகளில்தான் இருக்கும், அதை முன்பதிவு செய்வது நல்லது.

கவுன்ட்டரில் என்ன கேட்பார்கள்? எங்களுக்கு ஜப்பானிய மொழி தெரியாது.

நாலு விஷயம்தான். எத்தனை பேர், எவ்வளவு நேரம், குடிப்பதற்கு என்ன திட்டம், எந்த மெஷின். முதல் இரண்டையும் விரலிலேயே காட்டிவிடலாம். குடிப்பதில் மூன்று வகை உண்டு. ஆளுக்கு ஒரு பானமாவது கட்டாயம் வாங்க வேண்டும் என்பது ஒன்று. குளிர்பானம், டீ, காபியை நீங்களே மெஷினில் எத்தனை முறை வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளும் டிரிங்க் பார் இன்னொன்று. மதுவும் சேர்ந்த அளவில்லாத் திட்டம் மூன்றாவது. குழந்தைகளோடு போனால் டிரிங்க் பார் போதும். சில கிளைகளில் அதிலேயே ஐஸ்கிரீம் மெஷினும் இருக்கும், இருந்தால் பிள்ளைகள் பாடுவதைவிட வராந்தாவில் கோன் பிடிப்பதில்தான் குறியாக இருப்பார்கள்.

மெஷின் என்றால் டாம், ஜாய்சவுண்ட் என்று இரண்டு பெரிய வகை. இரண்டிலும் லட்சக்கணக்கில் பாட்டு இருக்கிறது, நமக்கு எதைக் கொடுத்தாலும் சரி. டேப்லெட்டில் மொழி மாற்றும் பொத்தான் இருக்கும், ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்ற வழி தெரியவில்லை என்றால் அறைக்குப் போவதற்கு முன்பே கவுன்ட்டரில் டேப்லெட்டை நீட்டினால் அவர்களே மாற்றித் தருவார்கள். சில கிளைகளில் ஆளே இல்லாமல் திரையில் பதிவு செய்கிற முறையும் வந்துவிட்டது. கைபேசி மொழிபெயர்ப்புச் செயலி அங்கே உதவும்.

எவ்வளவு செலவாகும்?

ரொம்பப் பேர் ஏமாந்து போகிற இடம் இதுதான். வாசல் பலகையில் பெரிதாகப் போட்டிருக்கும் விலை ஒரு அறைக்கு அல்ல, ஒரு ஆளுக்கு. அதுவும் அரை மணி நேரத்துக்கு. பலகையில் 400 யென் என்று இருந்தால் ஐந்து பேர் இரண்டு மணி நேரம் பாடினால் 400 பெருக்கல் 4 பெருக்கல் 5, ஆக 8,000 யென். யென் ஒன்றுக்கு 60 பைசா என்று வைத்தால் 4,800 ரூபாய். பானம் தனி. வரி சேர்ந்த விலையா சேராத விலையா என்றும் பார்க்க வேண்டும், நுகர்வு வரி 10 சதவீதம். உறுப்பினர் விலை, பொது விலை என்று இரண்டு விலை போட்டிருந்தால் உங்களுக்குப் பொருந்துவது பெரும்பாலும் கூடுதலாக இருப்பதுதான்.

அதே அறை வார நாள் பகலில் பாதிக்கும் கீழே போகும். மாலை ஆறு, ஏழு மணிக்கு மேல் ஏறும், வெள்ளி இரவும் சனிக்கிழமையும் விடுமுறைக்கு முந்தின இரவும் உச்சம். பள்ளி வயது ஆகாத குழந்தைகளுக்குப் பல கடைகளில் கட்டணமே கிடையாது, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதி விலை என்பதும் பரவலாக உண்டு, ஆனால் நாம் கேட்டால்தான் சில இடங்களில் போடுவார்கள். பணம் பெரும்பாலும் கடைசியில், கிளம்பும்போது கட்டினால் போதும். டிப்ஸ் கொடுக்கிற வழக்கம் ஜப்பானில் இல்லை, மேசையில் சில்லறை வைத்துவிட்டு வந்தால் மறந்துவிட்டீர்கள் என்று பின்னாலேயே ஓடி வந்து கொடுப்பார்கள்.

ஃப்ரீ டைம் என்று ஒரு திட்டம் இருக்கிறதே, இலவசமா?

இலவசம் இல்லை. ஒரு தொகை கட்டிவிட்டு, காலையிலிருந்து மாலை வரை என்று அவர்கள் குறித்திருக்கும் நேரத்துக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று அர்த்தம். சுற்றுலா போன குடும்பத்துக்கு அது தேவைப்படாது. முதல் தடவைக்கு ஒரு மணி நேரம் எடுங்கள், பிடித்தால் நீட்டிக்கலாம். நேரம் முடிய பத்து நிமிடம் இருக்கும்போது அறைக்குள் இருக்கிற தொலைபேசி அடிக்கும். எடுத்து "என்ச்சோ" என்றால் நீட்டிப்பு, ஓகே என்று மட்டும் சொன்னால் கிளம்புகிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். கூட்டமான நாளில் நீட்டிக்க முடியாது என்றும் சொல்வார்கள், அப்போது வாதாடிப் பயனில்லை.

எந்த நேரத்தில் போனால் நல்லது?

வார நாளில் மதியம் சாப்பிட்டதற்கு அப்புறம். இரண்டு மணிக்கு மேல் பெரியவர்களுக்குக் கால் வலிக்கும், பிள்ளைகள் இன்னொரு கோவிலா என்று முனகுவார்கள், அந்த நேரத்துக்கு ஏசி போட்ட அறையும் சோஃபாவும் கிடைப்பதே பெரிய விஷயம். பாடாதவர்கள் தூங்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஜூனில் மழைக்காலம், அன்றைய திட்டம் நனைந்து போனால் இது நல்ல மாற்று. ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை வருகிற கோல்டன் வீக், டிசம்பரில் அலுவலகங்களின் ஆண்டு இறுதி விருந்துக் காலம் ஆகியவற்றில் கூட்டமும் விலையும் அதிகம்.

குழந்தைகளுக்கு வயது வரம்பு உண்டா?

பகலில் இல்லை. இரவில் உண்டு, அதுவும் ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒவ்வொரு விதி. டோக்கியோவில் இரவு 11 மணியிலிருந்து அதிகாலை 4 மணி வரை 18 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் கரோக்கி பாக்ஸுக்குள் இருக்கக் கூடாது, பெற்றோர் கூட இருந்தாலும்தான். வேறு சில இடங்களில் 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு மாலையிலேயே கட்டுப்பாடு தொடங்கிவிடும், பெரியவர்களோடு வந்தால் இன்னும் கொஞ்ச நேரம் விடுவார்கள். பையன் பதினேழு வயதில் ஆறடி இருக்கிறான், கேட்க மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள், பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள். மது வாங்க 20 வயது ஆகியிருக்க வேண்டும்.

கைக்குழந்தையோடு போனால் ஸ்பீக்கர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு அதற்கு எதிர் மூலையில் உட்காருங்கள். பெரும்பாலும் கூரையை ஒட்டிய மூலைகளில் இருக்கும். டிவிக்குக் கீழே இருக்கும் பெட்டியில் இசை, மைக், எக்கோ மூன்றுக்கும் தனித்தனித் திருகு உண்டு, முந்தின ஆட்கள் வைத்துவிட்டுப் போன அளவு காதைப் பிளக்கும், உட்காரும் முன்பே குறைத்துவிடுங்கள்.

தமிழ்ப் பாட்டு இருக்குமா?

இருக்காது என்று நினைத்துக்கொண்டே போங்கள். ஜப்பானியம், ஆங்கிலம், கொரியம், சீனம் ஏராளம். தமிழை நம்பி டேப்லெட்டில் இளையராஜா என்று தேடிக்கொண்டிருந்தால் கட்டின காசில் கால் மணி நேரம் போய்விடும். அதற்காக விட்டுவிட வேண்டியதும் இல்லை, மூன்று வழி இருக்கிறது.

முதலாவது, யூடியூபில் இருக்கும் தமிழ்க் கரோக்கி ட்ராக்கை அறையின் டிவியிலேயே போடுவது. பல கடைகளில் எச்.டி.எம்.ஐ. கேபிள் இருக்கும், கவுன்ட்டரில் கேட்டால் தருவார்கள், அந்த வசதி இருக்கும் அறைதான் வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். கேபிளைக் கைபேசியில் மாட்ட அடாப்டர் உங்களிடம் இருக்க வேண்டும், அதை அவர்கள் தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆண்ட்ராய்டில் எல்லாக் கைபேசியும் டைப்-சி வழியாகப் படம் அனுப்பாது, ஊரிலேயே வீட்டு டிவியில் மாட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். லேப்டாப் கையில் இருந்தால் அது இன்னும் நம்பகம்.

இரண்டாவது வழி கொஞ்சம் நாட்டு வைத்தியம். கைபேசியில் ட்ராக்கை ஓடவிட்டு ஒரு மைக்கை அதன் ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துவிட வேண்டும், இன்னொரு மைக்கில் நீங்கள் பாட வேண்டும். ஒலி ஏ.வி.எம். ஸ்டூடியோ தரத்தில் இருக்காது, ஆனால் தாத்தா பாடுவதற்கு தாராளமாகப் போதும். எக்கோவைக் குறைத்தால் தெளிவு கூடும். கேபிளோடு போராடிக் களைத்தவர்கள் கடைசியில் வந்து சேருவது இங்கேதான்.

மூன்றாவது, ட்ராக்கே இல்லாமல் பாடுவது. மைக்கும் எக்கோவும் இருக்கிறது, தம்பூரின், மராக்கஸ் எல்லாம் கேட்டால் கொடுப்பார்கள், பல அறைகளில் முன்பே இருக்கும். பி.எச். அப்துல் ஹமீது நடத்தின பாட்டுக்குப் பாட்டு போல இரண்டு அணி பிரித்துக் கடைசி எழுத்தில் பாடச் சொன்னால், பாட மாட்டேன் என்று மூலையில் உட்கார்ந்திருந்த பெரியப்பா கூடத் தன் அணி தோற்கக் கூடாதே என்று எழுந்து வருவார். பாட்டு முழுக்கத் தெரிய வேண்டியதில்லை, பல்லவி போதும். எனக்கு இந்த மூன்றாவதுதான் மிகப் பிடித்தது.

முதல் இரண்டு வழிக்கும் ஊரிலிருந்து கிளம்பும் முன் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று பாட்டைத் தேர்ந்தெடுத்து ஒரு பிளேலிஸ்ட் போட்டு வையுங்கள். முடிந்தால் ஆஃப்லைனில் எடுத்து வைத்துவிடுங்கள், நடுவில் விளம்பரம் வராது, அடித்தள அறையில் சிக்னல் போனாலும் கவலை இல்லை. டூயட் பாட்டுகளுக்கு ஆண் குரலை மட்டும் நீக்கியது, பெண் குரலை மட்டும் நீக்கியது என்று தனித்தனியாக ட்ராக் கிடைக்கும், கூடப் பாட ஆள் இல்லாதவர்களுக்கு அது வசதி.

மெஷினில் வருகிற இசை ஒரிஜினல் மாதிரி இல்லையே, ஏன்?

அது ஒரிஜினல் இல்லை என்பதால்தான். 1992-லிருந்து ஜப்பானில் பாட்டுகளைத் தொலைபேசி இணைப்பு வழியாக மெஷினுக்கு அனுப்பும் முறை வந்தது. அந்தக் காலத்து இணைப்பில் முழு ஒலிப்பதிவை அனுப்ப முடியாது, அதனால் எந்தச் சுரம் எந்த வாத்தியத்தில் எப்போது வர வேண்டும் என்ற குறிப்பை மட்டும் அனுப்பினார்கள், மெஷின் அதைப் பார்த்துத் தானே வாசித்தது. இன்றும் பெரும்பாலும் அந்த வழிதான். கீபோர்டு வாசிக்கிற பையன் ஒருத்தனே எல்லா வாத்தியத்தையும் வாசித்த மாதிரி ஒரு சாயல் அதனால் வருகிறது.

இதில் நமக்கு ஒரு லாபம் இருக்கிறது. ஒலி கெடாமல் சுருதியை ஏற்றலாம், இறக்கலாம், வேகத்தையும் மாற்றலாம். டேப்லெட்டில் கூட்டல், கழித்தல் குறியோடு கீ என்று ஒரு பொத்தான் இருக்கும், ஒரு அழுத்துக்கு அரைச் சுரம். அஞ்சு கட்டையில் இருக்கிற பாட்டை நாலு கட்டைக்கு இறக்கினால் சரணத்தில் தொண்டை கிழியாது. நம்மவர்கள் இந்தப் பொத்தானைத் தொடுவதே இல்லை, பாட்டு எட்டவில்லை என்றால் தனக்குப் பாட வராது என்று மைக்கைக் கீழே வைத்துவிடுகிறார்கள். பெண்கள் பாடின பாட்டை ஆண்கள் பாடினால் நாலைந்து அழுத்து இறக்கிப் பாருங்கள்.

யூடியூப் ட்ராக்கில் இந்தப் பொத்தான் வேலை செய்யாது, அது மெஷினின் சொந்தப் பாட்டுக்கு மட்டும்தான். அதனால் தமிழ் ட்ராக்கைத் தேர்ந்தெடுக்கும்போதே ஸ்கேல் குறைத்தது கிடைக்கிறதா என்று பாருங்கள். டி.எம்.எஸ். பாட்டை அதே சுருதியில் எடுத்துக்கொண்டு அறுபது வயது மாமாவிடம் மைக்கைக் கொடுப்பது பாவம்.

பாடி முடித்ததும் மார்க் போடுகிறதே, அதை நிறுத்த முடியுமா?

முடியும், நிறுத்துங்கள். டேப்லெட்டில் மதிப்பெண் என்ற பகுதிக்குப் போய் அணைத்துவிடலாம். சுருதி, தாளம், அதிர்வு, குரல் நிலைப்பு எல்லாவற்றையும் தனித்தனியாக அளந்து, நாட்டு சராசரி என்ன என்றும் காட்டுகிற முறை அது. பயிற்சி எடுக்கிறவர்களுக்கு அருமையான வசதி. குடும்பத்தில் போட்டால், ஒன்பது வயதுப் பெண் 62 வாங்கி அழுவாள், ஸ்மூலில் தினமும் பாடி நூற்றுக்கணக்கில் லைக் வாங்குகிற சித்தப்பா 71 வாங்கி மெஷின் சரியில்லை என்பார். நாம் கொடுக்கிற கமகத்தை அது எழுதி வைத்த சுரத்திலிருந்து விலகல் என்றுதான் கணக்கு வைக்கும், கர்நாடக சங்கீதம் கற்றவருக்குக் குறைந்த மார்க் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

பதின்ம வயதுப் பிள்ளைகள் போட்டிக்காகக் கேட்டால் கடைசி கால் மணி நேரத்துக்கு மட்டும் போடலாம்.

பிள்ளைகளுக்கு என்ன பாட்டு?

அவர்களிடமே டேப்லெட்டைக் கொடுத்துவிடுங்கள். அனிமே பார்க்கிற பிள்ளை இருந்தால் உங்கள் உதவியே தேவைப்படாது, சொல்லுக்கு அர்த்தம் தெரியாமல் முழுப் பாட்டையும் ஜப்பானியத்தில் பாடும். டோரேமான் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதன் ஜப்பானிய முகப்புப் பாட்டு கிடைக்கும். ஒரு சிக்கல் என்னவென்றால் ஜப்பானியப் பாட்டு வரிகள் அந்த எழுத்திலேயே ஓடும், படிக்க வராது. அதனால் மனப்பாடமாகத் தெரிந்த பாட்டுக்குத்தான் வேலை. ஆங்கிலப் பாட்டுக்கு வரிகள் ஆங்கிலத்தில் வரும், மேலே பொடி எழுத்தில் ஜப்பானிய உச்சரிப்பும் ஓடும், அதைக் கண்டுகொள்ளாமல் கீழே பார்த்துப் பாடுங்கள்.

பின்னால் ஓடுகிற படத்துக்கும் பாட்டுக்கும் பல சமயம் சம்பந்தமே இருக்காது. குத்துப் பாட்டு மாதிரி ஒன்றுக்கு யாரோ ஒரு பெண் கடற்கரையில் சோகமாக நடந்துகொண்டிருப்பாள். பிள்ளைகள் அதைப் பார்த்தே அரை மணி சிரிப்பார்கள்.

சைவம். சாப்பிட என்ன கிடைக்கும்?

கரோக்கியில் சாப்பாட்டை நம்ப வேண்டாம். மெனு நீளமாக இருக்கும், சைவம் என்று பார்த்தால் உருளைக்கிழங்கு வறுவல், உப்புப் போட்டு அவித்த எடமாமே என்கிற பச்சை சோயா, ஐஸ்கிரீம், தேன் ஊற்றின தடிமனான ரொட்டி என்று சுருங்கிவிடும். வறுவலையும் கோழி பொரித்த எண்ணெயிலேயே போட்டிருக்கலாம், கண்டிப்பானவர்கள் அதையும் விட்டுவிடுவது நல்லது. சூப், நூடுல்ஸ் வகைகளில் மீன் சாறு இல்லாமல் இருப்பது அபூர்வம். முட்டை சாப்பிடாதவர்களுக்கு இன்னும் குறையும்.

வெளிச் சாப்பாட்டைக் கொண்டு போகக் கூடாது என்பதுதான் பல கடைகளின் விதி, ஆனால் மானெகிநெகோவின் பெரும்பாலான கிளைகளில் கொண்டு வரலாம். முறுக்கும் தட்டையும் பையில் இருக்கிற குடும்பங்கள் அங்கே போவது புத்திசாலித்தனம். சாப்பிட்ட குப்பையைக் கட்டி வைத்துவிட்டு வாருங்கள், மேசையை ஒரு துடைப்புத் துடைத்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

அறையில் சிகரெட் நாற்றம் அடிக்குமா?

2020 ஏப்ரலில் வந்த சட்டத்துக்குப் பிறகு உள்ளே புகைபிடிப்பது பொதுவாகத் தடை, தனிப் புகையறை வைத்திருப்பார்கள். பழைய கிளைகளில் சோஃபாவில் மணம் ஒட்டிக்கொண்டிருப்பது உண்டு. பிடிக்கவில்லை என்றால் உள்ளே போன உடனே சொல்லுங்கள், காலி அறை இருந்தால் மாற்றித் தருவார்கள்.

அப்பா வர மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

வற்புறுத்தாதீர்கள். பாட வேண்டாம், கேட்க மட்டும் வாருங்கள், உட்கார இடம் இருக்கிறது, சூடாக டீ இருக்கிறது என்று சொல்லி அழைத்துப் போங்கள். உள்ளே போனதும் மைக்கை அவர் கையில் திணிக்கிற வேலை மட்டும் கூடாது, வீடியோ எடுக்கிறேன் என்று கைபேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டுவதும் கூடாது. முதல் இரண்டு பாட்டை நன்றாகப் பாடாத யாராவது பாடட்டும். இது முக்கியம். வீட்டில் சங்கீதம் கற்றவர் ஒருத்தர் ஆரம்பித்தால் அதற்கு அப்புறம் மற்றவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். சுருதி சேராமல் ஒருத்தர் தைரியமாகப் பாடி முடித்தால் அறையே இளகிவிடும். பிறகு அவர் காலத்துப் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு மைக்கை மேசையில் அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்துவிடுங்கள். எடுத்தால் எடுக்கட்டும், எடுக்காவிட்டால் நீங்களே பாடுங்கள்.

ஒருத்தரே மைக்கை விடாமல் பாடினால்?

எல்லா வீட்டிலும் ஒருத்தர் உண்டு. டேப்லெட்டில் பாட்டு சேர்க்கும்போது வரிசையில்தான் போகும், வரிசையை எல்லோரும் பார்க்கலாம். ஒருத்தருக்கு ஒரு பாட்டு, சுற்று முடிந்த பிறகுதான் அடுத்தது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள், டேப்லெட்டை வீட்டிலேயே கறாரான ஆளிடம் கொடுங்கள். பொதுவாக அது மூத்த பேத்தி.

எடுத்த வீடியோவை யூடியூபில் போடலாமா?

குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுக்கொள்ளுங்கள். பொதுவெளியில் போடுவதில் சிக்கல் உண்டு. மெஷினில் வரும் இசையைத் தயாரித்த நிறுவனத்துக்கு அதன் மேல் உரிமை இருக்கிறது, அறையில் தான் பாடினதை எடுத்து யூடியூபில் ஏற்றின ஒருவருக்கு எதிராக டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2016-ல் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. ட்ராக் இல்லாமல் பாட்டுக்குப் பாட்டு விளையாடினதை எடுத்திருந்தால் இந்த மெஷின் விவகாரம் வராது.

தவிர்க்க வேண்டிய இடங்கள் உண்டா?

உண்டு. தெருவில் நின்றுகொண்டு கரோக்கி, மலிவு, வாங்க வாங்க என்று கூப்பிடுகிறவர்கள் பின்னால் போகாதீர்கள். டோக்கியோவில் கபுகிச்சோ போன்ற இடங்களில் இரவில் இது அதிகம், பில் வரும்போதுதான் விஷயம் புரியும். சங்கிலிக் கடைக்கு நீங்களாக நடந்து போங்கள்.

ஸ்னாக் என்று பலகை மாட்டின சின்ன பார்களிலும் கரோக்கி இருக்கும். அது வேறு உலகம். எட்டு பத்து பேர் உட்காரும் இடம், நடத்துகிற பெண்மணியை மாமா என்று அழைப்பார்கள் (அம்மா என்ற பொருளில், நம்ம மாமா இல்லை), உட்காருவதற்கே தனியாகக் கட்டணம், தெரியாதவர்கள் முன்னால்தான் பாட வேண்டும். பெரியவர்கள் இரண்டு பேர் மட்டும் ஒரு இரவு போனால் நல்ல அனுபவம், குழந்தைகளோடு போகிற இடம் இல்லை.

கொரியாவும் தைவானும் போகிறோம், அங்கே?

கொரியாவில் நொரெபாங் என்பார்கள். அறைக்கு மணிக் கணக்கில் கட்டணம், அதனால் பெரிய குடும்பத்துக்குச் சகாயம். கூட்டம் இல்லாத நாளில் கடைக்காரர் பத்து இருபது நிமிடம் சும்மாவே கூட்டிப் போடுவதும் உண்டு. காசு போட்டு ஒன்றிரண்டு பாட்டு மட்டும் பாடுகிற சின்னக் கூண்டுகளும் அங்கே நிறைய, இரண்டு பேர் நெருக்கி நிற்கலாம், பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு அது பிடிக்கும்.

தைவானில் கரோக்கி அறைக் கடைகளுக்குக் கே.டி.வி. என்று பெயர், அப்படித் தேடுங்கள். பெரிய கடைகளில் அறைகள் விசாலம், சாப்பாடும் ஜப்பானைவிடத் தேவலை. தென்கிழக்கு ஆசியாவில் கே.டி.வி., கரோக்கி என்று பலகை இருந்தாலே குடும்பம் போகிற இடம் என்று எடுத்துக்கொள்ள முடியாது, சிலவற்றில் வாடிக்கையாளர் பக்கத்தில் உட்கார ஆள் வைத்திருப்பார்கள். வணிக வளாகத்துக்குள் இருக்கிறதா, பகலில் திறந்திருக்கிறதா, குழந்தைகளுக்கு விலை போட்டிருக்கிறதா என்று பாருங்கள், மூன்றும் இருந்தால் தாராளமாகப் போகலாம்.